எங்க அப்பாயியும் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிளும்

முதலில் ஒரு விஷயம். எங்கள் பக்கம் அப்பாவோட அம்மாவை அப்பாயின்னு கூப்பிடுவோம். "அப்பாயி சொல்லும், அப்பாயி வரும்" என்றுதான் பேசுவோம். "அப்பாயி சொன்னாங்க" என்றால் அது பக்கத்து வீட்டு அப்பாயி. சென்னைக்காரத் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு "ஏன்டி பாட்டியைப் போய் அது இதுங்கற?" என்று கோபித்துக்கொண்டாள். மரியாதைக் குறைச்சல் எல்லாம் இல்லை. நெருக்கம் அவ்வளவுதான். அதனால் இங்கேயும் அப்படித்தான் எழுதப் போகிறேன், யாரும் சண்டைக்கு வர வேண்டாம் :)

அப்பாயிக்குப் பிறந்த தேதி கிடையாது. கேட்டால் "சமஸ்தானம் போன வருசம் பொறந்தவடி நான்" என்று சொல்லும். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். ஆக 1948 என்று வைத்துக்கொள்ளலாம். ஆதார் அட்டையில் 1950 என்று போட்டிருந்தார்கள். "கவருமெண்டே ரெண்டு வயசு கொறைச்சுக் குடுத்திருக்கு, நான் எதுக்கு வேணாங்கணும்?" என்று மாற்றவே விடவில்லை.

ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில். செம்மண் பூமி. தென்னை, பலா, அப்புறம் பூ. கனகாம்பரம், முல்லை, மல்லி என்று வீட்டுக்கு வீடு கொல்லையில் பூ இருக்கும். பூவில் ஒரு தொல்லை என்னவென்றால் அது யாருக்காகவும் காத்திருக்காது. விடியும் முன்னே பறித்து கமிஷன் கடையில் கொண்டுபோய்ப் போடணும். நேரம் ஆக ஆக விலை இறங்கும். பறிப்பது முழுக்கப் பெண்கள். கொண்டுபோவது ஆண்கள், ஏன்னா சைக்கிள் அவர்களிடம் இருந்தது. எங்க தாத்தா நல்ல மனுஷர்தான், ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் முழுதையும் யாராவது வாசித்துக் கேட்காமல் கிளம்ப மாட்டார். பூ வாடும். காசும் அவர் கைக்குத்தான் வரும். அதில் பாதி டீக்கடைக்குப் போகும். இது அப்பாயி சொன்ன கணக்கு. தாத்தா உயிரோடு இருந்திருந்தால் வேறு கணக்கு சொல்லியிருப்பார்.

1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்திருந்தார்கள். அந்தச் சூட்டோடு இங்கேயும் ஆரம்பித்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவியல் இயக்கத்துக்காரர்கள், வாத்தியார்கள், காலேஜ் பிள்ளைகள், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் இல்லாமல் சாயங்காலம் சாயங்காலம் பாடம் நடத்தினார்கள். ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டார்கள். எங்கள் ஊரில் வகுப்பு நடந்தது பிள்ளையார் கோயில் திண்ணையில், அரிக்கேன் விளக்கு வைத்து. அப்பாயிக்கு அப்போது 43 வயசு. முதலில் எழுதப் படித்த வார்த்தை "பட்டா". (பட்டா யார் பேரில் இருக்கு என்பது அடுத்த கேள்வி. அதை அப்பாயி அன்றைக்கே வகுப்பில் கேட்டுவிட்டதாம்.)

பேர் எழுதக் கற்றுக்கொண்டதும் வீட்டுச் சுவரில் கரியால் நாலு இடத்தில் எழுதி வைத்தது. வெள்ளையடிக்கும்போது மூன்று போய்விட்டது. நெல் குதிருக்குப் பின்னால் இருக்கிற ஒன்று இன்னும் இருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்.

ஆனால் ஊரே பேசியது எழுத்தைப் பற்றி இல்லை, சைக்கிளைப் பற்றி. புதுக்கோட்டை அறிவொளியில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பாடம் நடத்துகிற பெண்கள் பக்கத்து ஊருக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போய் வரணும் இல்லையா? அப்படி ஆரம்பித்தது, பிறகு கல் உடைக்கிற பெண்கள், நர்ஸ், பால்வாடி டீச்சர், பூ பறிக்கிறவர்கள் என்று எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை டவுனில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதன் இந்தி வடிவம் ரொம்ப வருஷம் வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடப்புத்தகத்தில் பாடமாகவே இருந்தது. டெல்லிப் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பெண்கள் சைக்கிள் ஓட்டியதைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவே இல்லை என்பது வேறு கதை.

சாய்நாத் எழுதியதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பெண்கள் பலர் லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள் என்பது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஒரு பக்கம். நடுவில் பார் இருந்தால் அதில் ஒரு சின்ன சீட் மாட்டிப் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது இன்னொரு பக்கம். அப்பாயிக்கு அந்த பாரில் பூ மூட்டை. கேரியரில் இன்னொரு மூட்டை. தாத்தாவின் ஹெர்குலிஸ்தான். கற்றுக்கொண்டது வற்றிப்போன குளத்துப் பொட்டலில், நிலா வெளிச்சத்தில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. அதுவும் முதலில் குரங்குப் பெடல். 44 வயசில், புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குரங்குப் பெடல்! முட்டியில் ஒரு தழும்பு இருந்தது. கேட்டால் "அது என் சர்டிபிகேட்" என்று சொல்லும்.

தாத்தா ஒரு மாதம் பேசவில்லையாம். தாத்தாவின் அக்கா ஆறு வருஷம் பேசவில்லையாம். "பேரன் பேத்தி எடுக்குற வயசுல குதிரை ஏறுறா" என்று ஊரில் ஒரு சொலவடையே உண்டாக்கிவிட்டார்கள். அப்பாயி காலையில் அஞ்சரை மணிக்கு கமிஷன் கடை வாசலில் நின்றது. முதல் பூ எங்கள் வீட்டுப் பூ. முதல் வாரம் முடிந்து காசை எண்ணிப் பார்த்தபிறகு தாத்தா பேச ஆரம்பித்தார் என்று அப்பா சொல்வார். அத்தை மட்டும் காசுக்கு மசியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அந்த அத்தைமேல் கொஞ்சம் மரியாதைகூட உண்டு.

கமிஷன் கடைக்குத் தன் பூவை மட்டும் கொண்டுபோயிருந்தால் அப்பாயி வேறு மாதிரி ஆள். வரிசையில் ஏழு வீட்டுப் பூவைச் சேர்த்துக் கொண்டுபோகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் துணி நூலில் நிறம் நிறமாக முடிச்சு. காசைப் பிரித்துக் கொண்டுவந்து அந்தந்தப் பெண்ணின் கையில் கொடுக்கும். புருஷன் வாசலில் நின்றால் கொல்லைப்புறம் சுற்றிப்போய்க் கொடுக்கும். இதற்காக நாலு வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்தபோது வார்டு மெம்பருக்கு நின்று, தோற்று, தோற்ற அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் சுண்டல் போட்டதாம். யாருக்காவது ஆஸ்பத்திரி, யாருக்காவது பிரசவம், ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணும் என்றால் சைக்கிள் கிளம்பிவிடும். வீட்டில் சோறு ஆறியிருக்கும். எங்க அப்பா இதைச் சொல்லும்போது இன்னும் குரலில் கொஞ்சம் கோபம் இருக்கும். ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்தது, தான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மட்டும் வீட்டில் இல்லை என்று. அது உண்மையும்தான். இந்த மாதிரி மனுஷிகளைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவார்கள், எனக்கு அது பிடிக்காது.

இப்போது மொய் விருந்துக்கு வருகிறேன். நான் காமர்ஸ் படிப்பதால் இதைப் பற்றி ஒரு பாரா அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல், அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது. விருந்தே விசேஷம். கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். நீங்கள் எனக்கு 1,000 செய்திருந்தால், உங்கள் விருந்துக்கு நான் அந்த 1,000-ஐத் திருப்பி, அதற்குமேல் ஒரு தொகை சேர்த்துச் செய்வேன். திருப்புவது பழைய நடை. சேர்ப்பது புது நடை. வெறும் பழைய நடையை மட்டும் கொடுத்தால் கணக்கு முடிந்தது, நமக்குள் இனி கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அர்த்தம். ஒரு வீட்டுக்கு முறை சுமாராக ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. கிணறு வெட்டவும் பிள்ளை படிக்கவும் கடை வைக்கவும் மொத்தமாகக் காசு கிடைக்கும். பதினோராம் வகுப்பில் பற்று வரவு ஒரு வருஷம் முழுக்க மண்டையை உடைத்தது. மொய் நோட்டு பார்த்து வளர்ந்த எனக்கு அது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. நல்லது மட்டும் சொல்லக்கூடாது. முறை வரும்போது கையில் காசு இல்லாவிட்டால் கந்துவட்டிக்கு வாங்கியாவது செய்யணும், இல்லையென்றால் மானம் போகும். நகையை அடகு வைத்து மொய் செய்த வீடுகள் எனக்கே தெரியும்.

மொய் எழுதுகிற மேஜையில் ஊர், அப்பா பேர், பேர், தொகை என்று கேட்பார்கள். பேர் என்றால் வீட்டு ஆம்பளை பேர். தாத்தா 1999-ல் இறந்தபிறகு அடுத்த ஆடிக்கு அப்பாயி மேஜை முன்னால் போய் நின்றது. எழுதுகிறவர் "மகன் பேர் சொல்லுங்க ஆத்தா" என்றாராம். "காசு யாருதுய்யா? என் பேர எழுது" என்று சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை நோட்டையே பார்த்துக்கொண்டு நின்று, துணைக்கால் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னதாம். இந்தக் கதையை நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். துணைக்கால் விட்டுப்போனது உண்மையா, அப்பாயி சேர்த்த மசாலாவா என்று சந்தேகம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மொய் எல்லாம் அப்பாயி பேரில்தான். அதற்கு நோட்டில் சாட்சி இருக்கிறது.

நான் கண்ணால் பார்த்த அப்பாயிக்கு வயசு 70-ஐ ஒட்டி. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு அனுமதி கொடுத்ததும் போராட்டம் ஆரம்பித்தது இல்லையா, அப்போது தினம் பந்தலில் போய் உட்கார்ந்தது. டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினால் "எனக்குப் பேசத் தெரியாதுப்பா, உக்காரத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடும். (வீட்டில் வந்து மூன்று மணி நேரம் பேசும்.) 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, அதில் எங்கள் மாவட்டத்தின் சில ஒன்றியங்களும் சேர்ந்தபோது, பேப்பரைத் தானே எழுத்துக் கூட்டி வாசித்தது. அரைமணி நேரம் ஆனது. யாரையும் உதவிக்கு விடவில்லை.

நடுவில் கஜா. 2018 நவம்பர் 16 விடிகாலை. நான் அப்போது ஒன்பதாவது. அந்த இரவைப் பற்றி எழுத என்னால் ஆகாது, சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்து பார்த்தால் கொல்லையில் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து மாட்டுக்கொட்டகைமேல் கிடந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பாயி கொஞ்ச நேரம் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. வழியை மறித்துக் கிடந்த மட்டைகளை வெட்டிக்கொண்டே ஒவ்வொரு வீடாகப் போய் "அரிசி எவ்வளவு வச்சிருக்க, அடுப்பு எரியுதா" என்று கேட்டது. மத்தியானத்துக்குள் பிள்ளையார் கோயில் முன்னால் பெரிய அண்டா ஏறிவிட்டது. விழுந்த தென்னையே விறகு, விழுந்த தேங்காயே குழம்பு. நிவாரணம் எங்கள் தெரு வரைக்கும் வந்து சேர ரொம்ப நாள் ஆனது. கரண்டு வர அதைவிட ஆனது. அந்த அண்டா பதினோரு நாள் எரிந்தது. ஆறு வருஷம் பேசாத அந்த அத்தை, அப்போது 80 தாண்டியிருக்கும், உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுத்தது. இரண்டு பேரும் சைக்கிளைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

சைக்கிள் கஜாவில் போய்விட்டது. மாட்டுக்கொட்டகைக்கு அடியில். எடுத்தபோது பார் வளைந்து எட்டு போட்டிருந்தது. முட்டி வலியும் சேர்ந்துகொண்டதால் அப்பாயி புதுசு வாங்கவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் முணுமுணுப்பாக இருந்தது. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் அப்பாயிக்கு மறுபடியும் சக்கரம் முளைத்துவிட்டது. காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும். ஒருநாள் அறந்தாங்கி, ஒருநாள் ஆலங்குடி. சாயங்காலம் வரும். "எங்க போன?" "சும்மாடி." "என்ன வேலை?" "வேலை இருந்தாத்தான் போவணுமா? ஆம்பளைக பஸ் ஸ்டாண்டுல சும்மா நிக்கிறான்ல, அவன யாராச்சும் கேக்குறியளா?" ஜன்னலோரம் உட்கார்ந்து போய், டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வரும். கண்டக்டர்கள் எல்லாம் பழக்கம். வரும்போது யாராவது ஒருத்தருடைய மனுவோ மாத்திரைச் சீட்டோ கையில் இருக்கும், அது வேறு.

போன வருடம் மாசியில் அப்பாயி போய்விட்டது. படுத்தது நாலே நாள். அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு டிரங்குப் பெட்டியில் மொய் நோட்டு மூன்றும் வெளியே வந்தன. எங்கள் வீட்டில் கடைசியாக விருந்து வைத்தது 2017 ஆடி. அப்புறம் கஜா, அப்புறம் கொரோனா, எல்லார் வரிசையும் கலைந்துபோனது. திருப்பூரிலிருந்து வந்த சித்தப்பா "ஒரு விருந்து வச்சு வர்றதை வாங்கிருவோம்ணே" என்றார். அப்பா "இதோட முடிச்சுக்குவோம். குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு விட்டுருவோம். அம்மா பேர்ல இருந்த கணக்கு அம்மாவோட போகட்டும்" என்றார். நீதான் காமர்ஸ் படிக்கிறியே என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். வர வேண்டியது 61,500. கொடுக்க வேண்டியது 48,000. கடைசிப் பக்கங்களில் தொகை இல்லாத வரிகளும் இருந்தன. "கசா - அரிசி 2 மரக்கா - மேலத்தெரு", "கசா - மொளகா தூள்". யார் அண்டாவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பதினோரு நாளும் எழுதி வைத்திருக்கிறது. அப்பாயியைப் பொறுத்தவரை அதுவும் பழைய நடைதான் போல. இதை எந்தப் பத்தியில் போடுவது என்று எனக்குப் பாடத்தில் சொல்லித்தரவில்லை. தனித் தாளில் எழுதி நோட்டுக்குள் வைத்தேன்.

சித்தப்பா சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி. 13,500 லாபம் என்பது ஒரு கணக்கு. அடுத்த இருபது வருஷம் ஆடிக்கு ஆடி பயந்துகொண்டே இருக்க வேண்டாம் என்பது இன்னொரு கணக்கு. ஆனால் முடித்துவிட்டால் ஊரில் எந்த நோட்டிலும் அப்பாயி பேர் அதற்குமேல் வராது. சண்டை போட்டு எழுதவைத்த பேர். இது எனக்குத்தான் உறுத்தியது, அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

இந்த ஆடியில் ஒரு வீட்டு விருந்து வந்தது. 2017-ல் அவர்கள் எங்களுக்குச் செய்தது 3,000. அப்பாவுக்கு வேலை இருந்ததால் என்னைப் போகச் சொன்னார். "மூவாயிரத்தைக் குடுத்து முடிச்சுட்டு வா." பந்தலில் ஒரே கூட்டம். பிளக்ஸ் பேனர், நோட்டு எண்ணுகிற மிஷின், கம்ப்யூட்டர் எல்லாம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றேன். என்னைத் தவிர பொம்பளைகள் மூன்று பேர்.

"பழைய நடை யார் பேர்லம்மா?"

அப்பாயி பேரைச் சொன்னேன். தேடி எடுத்தார். "மூவாயிரம். முடிச்சுடலாமா?"

டியூஷன் எடுத்த காசில் ஐந்நூறு பையில் இருந்தது. "புது நடை ஐந்நூறு" என்றேன்.

"யார் பேர்ல?"

என் பேரைச் சொன்னேன். "அப்பா பேரு?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"அப்பா பேர் வேணாம். இன்னார் பேத்தின்னு போடுங்க" என்று அப்பாயி பேரை மறுபடி சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கட்டத்தில் அப்பா பேர்தான் வரும் என்றார். அதில் அப்பாயி பேரைப் போடச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம்யா" என்று சத்தம் போட்டார்கள். அடித்து ரசீதைக் கொடுத்தார். எழுத்து எல்லாம் சரியாக இருக்கா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரசீதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கறி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றேன்.